மலையில் கோல்ஃப்: வண்டியை விட்டுவிட்டு நடக்கப் பழகிய கதை

கோல்ஃப் ஆடுவதற்கு எதற்கு உடற்பயிற்சி என்று என் அக்காவே கேட்டிருக்கிறாள். பேட்டரி வண்டியில் போய் இறங்கி, பந்தை ஓர் அடி அடித்துவிட்டு, மறுபடி ஏறி உட்காருகிற விளையாட்டு என்றுதான் வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கோயம்புத்தூரில் வங்கி வேலையில் இருந்தவரை நானும் அப்படித்தான் ஆடினேன். ஓய்வு பெற்றுக் கொடைக்கானலுக்குக் குடிவந்ததும், இனிமேல் நடந்தே ஆடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு ஏறக்குறைய ஒரு வருடத்தையும் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட பணத்தையும் கொடுத்தேன். விஷயம் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அதில் முக்கால் பங்கு மிச்சமாகியிருக்கும். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. அறுபதை ஒட்டிய வயதில், தனியாக வசிக்கும் வீட்டில், மாடிப்படியில் பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்கும் நிலை வேறொருவருக்கு வர வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பற்றி. ஆட்ட அட்டையில் அச்சாகியிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். அது ஒவ்வொரு குழிக்கும் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) வரை உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை மட்டுமே. ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு நடப்பது அதில் இல்லை. என்னைப் போன்றவர்கள் அடிக்கும் பந்து இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என்று போகும் அழகும் அதில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் 18 குழிகள் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும். நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. இங்கே அதற்கு மேல் மலையும் இருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் கீழே உள்ள அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்துவிடுகிறது. ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. சமவெளியிலிருந்து வருபவருக்கு முதல் வாரத்தில் சாதாரண ஏற்றமே மூச்சு வாங்கும். மூச்சின் வேகம் சில நாட்களில் பழகிவிடும். இரத்தத்தில் நடக்கும் மாற்றத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். விடுமுறைக்கு வந்த மறுநாளே 18 குழிகளையும் நடந்து முடிக்கிறேன் என்று கிளம்பும் விருந்தினர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கு மூச்சைப் பற்றித்தான் பயம் இருந்தது. அதனால் மூச்சுக்காகத் தயாரானேன். விடிந்ததும் ஏரியைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். ஏறக்குறைய முழுவதும் சமதளம். முதலில் ஒரு சுற்று, சில வாரங்களில் இரண்டு. ஏப்ரல், மே சீசனில் அந்தச் சாலையில் வாடகைச் சைக்கிள்களுக்கும் குதிரைகளுக்கும் நடுவே நடக்க முடியாது என்பதால் இருள் பிரியும் முன்பே கிளம்பிவிடுவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது வீட்டுக்குள் நடக்க ரூ.48,000 கொடுத்து ஒரு டிரெட்மில் வாங்கினேன். அதை மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்த கூலி தனி. மூச்சு நன்றாகவே பழகியது. ஏரியைச் சுற்றும்போது உடன் வரும் தோழியிடம் மருமகள் கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே நடக்க முடிந்தது. தயாராகிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியதில் வியப்பில்லை. என்னைப் பார்த்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

தூண் பாறைக்குப் போகும் வழியில் இருக்கும் கோல்ஃப் மைதானம் 1895இல் தொடங்கிய கிளப்புடையது. மலையின் வளைவுகளைப் பெரிதாக வெட்டித் தட்டையாக்காமல், இருக்கிற நிலத்தின்மேல் புல்லை விரித்தது போன்ற இடம். ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி வரும். நான் நடந்து முடித்த அந்த முதல் ஆட்டம் உண்மையிலேயே ஆனந்தமாக இருந்தது. ஏற்றங்களில் நின்று நின்று மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான். பை தூக்கி வந்த கேடி அண்ணன், மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வருபவர், பாதியிலேயே, “மேடம், இன்றைக்கு ஒன்பது குழி போதும். கால் நாளைக்குத்தான் பேசும்” என்றார். உடன் ஆடியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மீதியையும் முடித்தேன்.

மறுநாள் தொடையின் முன்பக்கம் லேசாக வலித்தது. அதற்கு அடுத்த நாள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. விசித்திரம் என்னவென்றால், படி ஏற முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் முழங்கால் தன்னால் மடிந்து விழப் பார்த்தது. என் வீட்டில் படுக்கையறை மாடியில். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி, குழந்தைபோலத் தவழ்ந்து இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று கிளப்பில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அந்த வார இறுதியிலேயே மறுபடி போனேன். இந்த முறை வலது முழங்கால் வீங்கிக்கொண்டது.

அதன்பின் வந்த மாதங்களை நினைக்கப் பிடிக்கவில்லை. வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறங்கும் மலைப்பாதையில், பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது, வீங்கிய காலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் மதுரைக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். தேய்மானம் என்றார் மருத்துவர். இந்த வயதில் எதற்கு அம்மா இந்த விளையாட்டு என்றும் கேட்டார். முழங்காலில் போடும் ஜெல் ஊசிக்கு ஒரு விலை சொன்னார்கள். திரும்பும் வழியில் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வலிக்காக இல்லை. முப்பது வருடம் வங்கியில் உட்கார்ந்தே கழித்த பிறகு, எனக்கென்று ஆசைப்பட்ட ஒரே காரியத்தையும் ஒரு வாக்கியத்தில் மூடிவிட்டார்களே என்று இருந்தது. ஸ்கேன், ஊசிக்கு முன்பணம், இரண்டு வகை முழங்கால் உறைகள், போக்குவரத்து, நான்கைந்து தைலங்கள் எல்லாமாக ரூ.40,000க்கு மேல் போயிற்று.

கதையைத் திருப்பியது திண்டுக்கல்லில் ஒரு பிசியோதெரபி பெண். என் மகள் வயதுகூட இருக்காது. ஸ்கேன் அறிக்கையைப் படித்துப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு முக்காலியைக் காட்டி, “ஏறி நின்று மெதுவாக இறங்குங்கள் அம்மா” என்றாள். ஏறினேன். இறங்கும்போது கடைசி பாதித் தூரத்தில் காலை வைக்கவில்லை, போட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி, எங்கே நடந்து பழகினீர்கள் என்பது. ஏரியைச் சுற்றியும் டிரெட்மில்லிலும் என்றேன். விஷயம் அங்கேதான் இருந்தது.

அவள் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அதாவது பிரேக் வேலை பார்க்கிறது. இந்த இரண்டாவது வேலைக்கு மூச்சு அதிகம் செலவாகாது. அதனால் இறக்கம் சுலபம் என்று ஏமாந்துவிடுகிறோம். ஆனால் பழகாத தசையின் இழைகளை அதிகம் சேதப்படுத்துவது அதுதான். வலி உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும். கேடி அண்ணன் சொன்னதும் இதைத்தான். தசை ஓய்ந்துவிட்டால் அது தாங்க வேண்டிய சுமை மூட்டுக்குப் போகிறது, முழங்கால் வீங்குகிறது. ஏரிச்சாலையில் இறக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வீட்டு உபயோக டிரெட்மில்களில் பெரும்பாலானவை மேல்நோக்கித்தான் சாயும், கீழ்நோக்கிச் சாயாது. எத்தனை மாதம் அவற்றில் நடந்திருந்தாலும் என் தொடைக்கு ஓர் இறக்கம்கூடப் பழக்கமாகியிருக்காது. என் வயதில் ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் ஓரளவு தேய்மானம் தெரியும் என்றும், அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம் என்றும் சொன்னாள். வீக்கம் வந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னாள். நானும் அதை அழுத்திச் சொல்கிறேன்.

நல்ல செய்தி, இதே தசை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்பது. சிறிய அளவில் ஒருமுறை இறக்கம் பழகினாலே, அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு இறக்கம் முன்போல வலிப்பதில்லை. ஆகவே வீக்கம் வடிந்ததும் தொடங்கியது மாடிப்படியின் கடைசிப் படியில். கைப்பிடியைத் தொட்டபடி ஒரு காலில் நின்று, மற்றக் காலை மூன்று நான்கு வினாடி எடுத்துக்கொண்டு கீழே இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வருவது. முழங்கால் உள்பக்கம் சாயாமல், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். கண்ணாடி முன் செய்தால் தெரியும். ஒரு காலுக்கு எட்டு பத்து முறை. கூடவே, நாற்காலியில் கையை ஊன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழுவது, படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெல்லத் தாழ்த்துவது, பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் செய்யாதீர்கள், தசை தன்னைச் சரிசெய்துகொள்வது ஓய்வு நாளில்தான். இதற்கெல்லாம் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை என்பதை டிரெட்மில்லைப் பாதி விலைக்கும் கீழே விற்ற அன்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் போல அதைச் செய்த பிறகு மலைக்குப் போனேன். எனக்கு வாய்ப்பாக அமைந்தது வான் ஆய்வகச் சாலை. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துவரும் அந்த ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து நல்ல ஏற்றம். முதலில் ஆட்டோவில் மேலே போய் இறக்கத்தை மட்டும் நடந்தேன். ஆட்டோ ஓட்டுநர், ஏறத்தானே அம்மா வண்டி தேடுவார்கள், இறங்கவும் கூப்பிடுங்கள் என்று சிரித்தார். பாதி இறக்கம், பிறகு முழு இறக்கம், பிறகு ஏறி இறங்குவது என்று கூட்டினேன். வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குக்கு இறங்கும் பாதை வேண்டாம். வேரும் கல்லுமாகச் செங்குத்தானது, அதில் கால் பிசகினால் பயிற்சியே முடிந்துவிடும். ஏற்றத்தில் வேகத்துக்கு அளவு பேச்சுதான்: முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தப் பேச்சுக் கணக்கு இன்னும் முக்கியம். அந்த மாத்திரை நாடித்துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து இன்னும் வேகமாகப் போகலாம் என்று நினைத்துவிடுவீர்கள். ஐம்பது கடந்தவர்கள் இதையெல்லாம் தொடங்குமுன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் எது வந்தாலும் அந்தக் குழியோடு ஆட்டம் முடிந்தது, மருத்துவமனைக்குப் போங்கள்.

மைதானத்துக்குத் திரும்பியபோது ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொண்டேன், அதுவும் வாரம் ஒருமுறை. அதே கேடி அண்ணன்தான் வந்தார். பயிற்சி கொடுத்த பலத்தை எப்படிச் செலவழிப்பது என்று கற்றுக்கொடுத்தவர் அவர். செங்குத்தான இறக்கத்தில் நேராக இறங்காமல் சாய்வாக வளைந்து வளைந்து போகச் சொன்னார். அடியைச் சிறிதாக வைத்து, முழங்காலை எப்போதும் சற்று மடக்கியே வைத்திருக்க வேண்டும். குதிகாலை ஊன்றி எட்டி நடந்தால் ஒவ்வொரு அடியும் முழங்காலில் இடிக்கும். ஈரப்புல்லில் பக்கவாட்டாக இறங்கலாம். பந்தை அடித்ததும் அதைத் திட்டிக்கொண்டு நிற்காமல் நடக்கத் தொடங்க வேண்டும், அப்போதுதான் பின்னால் வருபவர்களுக்காக ஓட வேண்டியதில்லை. புதர்ச்சரிவில் விழுந்த பந்தை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது என்று 2019 முதல் விதியே இருக்கிறது. அது கால்களுக்குச் செய்த பெரிய உபகாரம். அதே திருத்தத்தில்தான் கொடிக்கம்பைக் குழியிலிருந்து எடுக்காமலே பந்தைத் தட்டிவிடவும் அனுமதி வந்தது. அண்ணனுக்கு நான் கொடுக்கும் கூலி, அந்த மதுரைச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது. பையை வைத்துத் தள்ளிப்போகும் தள்ளுவண்டி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். சமவெளியில் வாங்குங்கள், இழுக்கும் வகையைவிடத் தள்ளும் வகை தோளுக்கு நல்லது. மலையில் ஏறும்போது அதை நாம் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மை இழுக்கும். கேடி கிடைக்கிற ஊரில் கேடியை வைத்துக்கொள்வது நமக்கும் நல்லது, அவர் வீட்டு அடுப்புக்கும் நல்லது.

அண்ணன் தூக்குகிறார் என்பதற்காகப் பையை அடைக்காதீர்கள். விதி 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்கிறது, 14 இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வீட்டுத் தராசில் என் பையை நிறுத்தபோது 13 கிலோ இருந்தது. தோல் பையை விற்றுவிட்டு இலேசான துணிப்பை வாங்கி, எட்டு மட்டைகளும் ஐந்தாறு பந்துகளும் மட்டும் வைத்ததில் பாதியாகக் குறைந்தது. என் ஆட்டம் அதனால் கெட்டுப்போகவில்லை. கெடுவதற்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. காலணிக்கு மட்டும் யோசித்துச் செலவழியுங்கள். முதலில் ரூ.14,000 கொடுத்து வாங்கியது சமதளத்தில் கச்சிதமாக இருந்தது. இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடித்து இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்தன. மாலையில், கால் சற்றுப் பருத்திருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்குங்கள். கணுக்காலுக்கு அருகில் உள்ள கடைசித் துளை வரை நாடாவைக் கோத்து இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் நழுவாது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது காலணிப் பிரச்சினை மட்டுமல்ல; நடையைக் குறைத்து, மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் மூன்று குழிகளுக்கு ஒருமுறை நாலு மடக்கு குடிக்கிறேன். பாதி ஆட்டத்தில் விருப்பாட்சி மலைவாழைப்பழம் ஒன்று, கடைசி நான்கு குழிகளுக்கு முன் கடலை மிட்டாய். கால் தடுமாறி விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசி நேரத்தில்தான். உயரத்தில் வெயில் குளிர்ந்து தெரிந்தாலும் தோலைச் சுடும், தொப்பி வேண்டும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பந்து இருக்கட்டும், பக்கத்தில் நிற்பவரே தெரியமாட்டார், எனவே காலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

இப்போது 18 குழிகளும் நடந்து முடிக்கிறேன், மறுநாள் மாடியிலிருந்து முன்பக்கமாகவே இறங்குகிறேன். ஆனால் நடப்பதை ஒரு மதமாக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் கேசி மார்ட்டின் என்ற ஆட்டக்காரருக்குக் காலில் பிறவியிலேயே இரத்த ஓட்டக் கோளாறு. வண்டியில் போக அனுமதி கேட்டார். தொழில்முறைப் போட்டிகளில் நடப்பது ஆட்டத்தின் பகுதி என்று மறுத்தார்கள். 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வண்டி வசதி இருக்கும் மேடுபள்ளமான மைதானத்தில் ஆடுகிறவர்கள், பழகும் காலத்தில் ஏற்றத்தை நடந்து, இறக்கத்துக்கு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கடைசியாகக் காட்டுமாடு. செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதுவது இதைத்தான். மைதானத்தில் கூட்டமாக மேயும். மழைக்குப் பின் அவற்றின் குளம்புத் தடங்கள் புல்லில் குழிகளாக இருக்கும். கணுக்கால் பிசக அதைவிடச் சிறந்த இடம் கிடையாது, பார்த்து நடங்கள். பந்து அதன் காலடியில் போய் விழுந்தால் வீரம் காட்டாதீர்கள், சத்தம் போட்டு விரட்டவும் வேண்டாம். அபாயமான விலங்கு அருகில் இருந்தால் தண்ட அடி இல்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்தில் போட்டு ஆடலாம் என்று விதி 16.2 சொல்கிறது. உடன் ஆடுபவர் முணுமுணுத்தால் விதி எண்ணைச் சொல்லிவிட்டு, அது மேய்ந்து நகரும்வரை ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள்.